இல்லை என்று சொல்ல ஒரு கம்பனி

ஒரு கம்பனிக்கு நன்றி சொல்லி எழுத உட்கார்ந்திருக்கிறேன். மனிதர்களுக்கே ஒழுங்காக நன்றி சொல்லிப் பழகாதவன் நான். இருபத்தெட்டு வருடம் ஒஸ்லோவில் பஸ் ஓட்டினேன். இறங்கிப் போகிறவர்கள் சொன்ன நன்றியை வாங்கிக்கொண்டேனே தவிர, நான் யாருக்கும் பெரிதாகச் சொன்னதில்லை. அதனால் இது கொஞ்சம் கோணலாகத்தான் வரும். கம்பனியின் பெயரைப் போடப் போவதில்லை. போட்டால் விளம்பரம் செய்கிறேன் என்று என் தம்பி முறைக்காரன் பாலேந்திரன் சொல்லுவான். அவனுக்கு அந்தக் கம்பனியின் மேல் இன்னமும் கோபம்.

நன்றி உண்மையில் என் தங்கை கிருஷ்ணகுமாரிக்குத்தான் போய்ச் சேர வேண்டும். அவள் போய் இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. அவளுக்குச் சேர வேண்டியதை அவள் அமர்த்திவிட்டுப் போன ஆட்களிடம் கொடுக்கிறேன். பத்திரமாக வைத்திருப்பதுதானே அவர்களுடைய தொழில்.

குமாரி எண்பத்தெட்டில் நோர்வேக்கு வந்தவள். முதல் ஏழு வருடம் வடக்கே ஒரு மீன் ஆலையில் கத்தியும் கையுறையுமாக நின்றாள். அதற்குப் பிறகு ஒஸ்லோவில், குரோருட்டுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறை. நோய் வந்து விழும் வரைக்கும் அங்கேதான். எந்தப் பாத்திரத்துக்கு எந்த மூடி என்று துண்டு எழுதி ஒட்டுகிற ஆள் அவள். அவளுடைய வீட்டில் மிளகாய்த்தூள் போத்தலில் 'மிளகாய்த்தூள்' என்று எழுதியிருக்கும். “ஏன் குமாரி, பார்த்தால் தெரியாதோ?” என்று கேட்டால், “பார்க்கிற ஆள் நானாய் இருந்தால் தெரியும்” என்பாள்.

ஒருமுறை அந்தச் சமையலறையில் பெரிய சண்டை. ஒரு வயதான நோர்வேஜிய அம்மாவுக்கு உப்பில்லாத உருளைக்கிழங்கு மசியல் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். புதிதாக வந்த மேலாளர் எல்லாருக்கும் ஒரே மசியல் போதும் என்றிருக்கிறார். அந்த அம்மாவுக்கோ ஞாபகமறதி. உப்பா சப்பா என்று அவர் கேட்கப் போவதில்லை. குமாரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து என்னிடமும் கத்தினாள்.

“அந்த மனிசிக்கு மறந்து போச்செண்டால், நாங்கள் சொன்ன சொல்லு இல்லாமப் போகுமோ அண்ணை?”

இந்த ஒரு சமாச்சாரத்தில் அவளுக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. மற்றதிலெல்லாம் நல்ல சிரிப்புக்காரி.

அவளுக்கு ஒரே பிள்ளை, யதுர்ஷா. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளை. பிள்ளைக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது என் மச்சான் மாரடைப்பில் போய்விட்டார். அதற்குப் பிறகு தாயும் மகளும் குரோருட்டில் மூன்று அறை வீடொன்றில் இருந்தார்கள். யதுர்ஷா வளர்ந்து, ஒரு கன்ரீனில் வாரம் நாலு நாள் வேலைக்குப் போகத் தொடங்கினாள். துடைப்புத் தாள் மடிப்பாள், பாண் கூடைகளை நிரப்புவாள், டி-பானா என்கிற நிலக்கீழ் ரயிலில் தனியாகப் போய்த் தனியாக வருவாள். காலையும் மாலையும் மாநகர சபையிலிருந்து ஒரு உதவியாளர் எட்டிப்பார்த்துவிட்டுப் போவார். தன் கதவைத் தானே பூட்டி, திறப்பைக் கழுத்துப் பட்டியில் மாட்டிக்கொண்டு போகிறபோது அவளுடைய நடையைப் பார்க்க வேண்டும். அமைச்சர் தோற்றார்.

குமாரிக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். தான் போன பிறகு யதுர்ஷாவின் வீடு யதுர்ஷாவின் வீடாகவே இருக்குமா?

இருபத்தொன்றாம் ஆண்டு குமாரிக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். செப்ரெம்பரில் என்னை வரச் சொல்லி அழைத்தாள். எதற்கு என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். நான் தாய்மாமன். யதுர்ஷாவின் சாமத்தியச் சடங்கில் தேங்காய் உடைத்து முதல் தண்ணீர் வார்த்தவன். எங்கள் ஆட்களிடத்தில் தகப்பன் இல்லாத பிள்ளையை மாமனுடைய கையில் பிடித்துக் கொடுப்பதுதான் வழமை. அதற்குக் கடுதாசி தேவையில்லை, சாட்சி தேவையில்லை. நான் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சேட்டுடன் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்பதைக்கூட டி-பானாவில் இருந்து யோசித்துக்கொண்டு போனேன். ‘நீ ஒண்டுக்கும் யோசிக்காதை, நான் இருக்கிறன்.’

தேத்தண்ணியை வைத்துவிட்டுக் குமாரி சொன்னாள்: “அண்ணை, வீட்டுப் பொறுப்பை நான் ஒரு கொம்பனியிட்டைக் குடுத்திட்டன்.”

எனக்கு விளங்கவில்லை. வீட்டை விற்கப் போகிறாளோ என்று கேட்டேன்.

“இல்லை. வீடு யதுவின்ரை பேரிலைதான் இருக்கும். ஆனால் கொம்பனியின்ரை கையெழுத்து இல்லாமல் ஒருத்தரும் அதை விக்கவும் ஏலாது, ஈடு வைக்கவும் ஏலாது, வேறை ஆக்களை இருத்தவும் ஏலாது. சட்டம் எவ்வளவுக்கு விடுதோ அவ்வளவுக்கு உயிலிலை எழுதியாச்சு. சட்டத்தரணி பார்த்துத்தான் எழுதினவர்.”

பிறகு அவள் எனக்குப் பாடம் எடுத்தாள். இங்கிலாந்திலும் கனடாவிலும் இதற்கென்றே பெரிய பெரிய நிறுவனங்கள் இருக்கின்றனவாம். ஒருவர் தன்னுடைய சொத்தை, இன்னொருவருடைய நன்மைக்காக, இப்படி இப்படிச் செய்யுங்கள் என்று எழுதி ஒப்படைப்பார். அந்த நிறுவனம் அதைத் தன் சொந்தப் பொருளோடு கலக்காமல் தனியாக வைத்து, எழுதிய சொல்லுப்படி நடத்தும். நோர்வேயின் சட்டம் அச்சாக அப்படி இல்லை. இங்கே உயிலில் கட்டுப்பாடு போட்டு, அதைக் காவல் காக்க ஒரு நிறுவனத்தை நியமிக்கலாம். வேலை என்னவோ அதேதான்.

“உனக்கு இதை ஆர் சொன்னது?”

அவளுடைய முதியோர் இல்லத்தில் ஒரு கிழவர் இருந்தாராம். தன் படகைப் பேரப்பிள்ளைகளுக்காக அந்தக் கம்பனியிடம் ஒப்படைத்தவர். கடைசிப் பேரனுக்குப் பதினெட்டு வயதாகும் வரை அதை யாரும் விற்கக் கூடாது, வருடா வருடம் வர்ணம் பூச வேண்டும் என்று எழுதியிருந்தார். ஒவ்வொரு மே மாதமும் கம்பனியிலிருந்து ஒரு பெண் வந்து, புதிதாக வர்ணம் பூசிய படகின் படத்தை அவருக்குக் காட்டுவாள். பிறகு கிழவருக்கு ஞாபகம் போய்விட்டது. படகு என்றால் என்ன என்று கேட்கிற நிலை.

“அதுக்குப் பிறகும் மூண்டு மே மாதம் அந்தப் பெட்டை படத்தோடை வந்தவள், அண்ணை. அவருக்கு விளங்காது எண்டு தெரிஞ்சும் பக்கத்திலை இருந்து காட்டினவள். எனக்கு அது காணும்.”

எனக்கு அது போதவில்லை. “அப்ப நான் ஆர்? சம்பளத்துக்கு வாற வெள்ளைக்காரியை நம்புவாய், கூடப் பிறந்தவனை நம்ப மாட்டாய். நான் என்ன கள்ளனே?”

குமாரி சிரித்தாள். மெலிந்த முகத்தில் பல் மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

“நீங்கள் கள்ளன் இல்லை. என்ரை ரொயோட்டாவை ஞாபகம் இருக்கோ?”

இருந்தது. ஒருமுறை அவள் யதுர்ஷாவோடு கனடாவுக்கு ஐந்து கிழமை போனபோது, புதுக் காரை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். நான் அதில் ஒருநாள்கூட ஏறி ஓடவில்லை. ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். ஒருவனுக்கு வீடு மாற, ஒருவனுக்கு விமான நிலையம் போக. பேர்கனில் ஒரு கலியாணத்துக்கும் அது போய் வந்தது. அவள் திரும்பி வந்தபோது பின்பக்கம் நசுங்கியிருந்தது, உள்ளே கருவாட்டு மணம், ஒரு சில்லு வேறு யாருடையதோ. நான் ஒரு குரோனர் வாங்கவில்லை. அதைத்தான் பெருமையாகவும் சொன்னேன்.

“உங்களுக்கு இல்லை எண்டு சொல்லத் தெரியாது, அண்ணை. அது நல்ல குணம்தான். ஆனால் அந்தக் குணத்துக்குக் கீழை என்ரை பிள்ளையை விட்டிட்டுப் போக எனக்குப் பயமாய்க் கிடக்கு. கொம்பனிக்குக் கலியாண வீடும் இல்லை, செத்த வீடும் இல்லை. அது ஒருத்தருக்கும் முகம் பார்க்கத் தேவையில்லை. சம்பளம் வாங்கிறவனிட்டைக் கணக்குக் கேக்கலாம். பாசத்திட்டைக் கணக்குக் கேட்டால் சண்டைதான் வரும்.”

தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். மூன்று கிழமை அவளோடு கதைக்கவில்லை. சாகப் போகிற தங்கையோடு மூன்று கிழமை. இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே இரண்டு போட வேண்டும் போலிருக்கிறது. அதற்குப் பிறகு போனேன். அவளும் ஒன்றும் நடக்காதது மாதிரி இருந்தாள். அடுத்த வருடம் பெப்ரவரியில் அவள் போய்விட்டாள்.

அதன் பின் இரண்டு வருடம் கம்பனி இருந்த சத்தமே இல்லை. யதுர்ஷாவின் சலவை இயந்திரம் பழுதானபோது புதியது வந்தது. சமையலறை நிலம் மாற்றினார்கள். வருடம் ஒருமுறை என்ன செய்தோம் என்று ஒரு கடிதம் யதுர்ஷாவுக்கு வரும். பெரிய எழுத்தில், படங்களோடு. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் இருந்த மேலதிகத் திறப்பால் கதவைத் திறந்துகொண்டு போவேன், இருப்பேன், வருவேன். கம்பனி என்றால் இவ்வளவுதானே, இதற்கா இந்தப் பாடு என்று நினைத்தேன்.

இருபத்துநாலாம் ஆண்டு வசந்தத்தில் பாலேந்திரன் என் வீட்டுக்கு வந்தான். எங்கள் சித்தப்பாவின் மகன், ஹவுகன்ஸ்டுவாவில் இருப்பவன். அவனுடைய மகன் ரிஷிகேசனுக்கு அப்போதுதான் கலியாணம் முடிந்திருந்தது. மருமகள் தனுஷா நல்ல பிள்ளை. நாலு பேர் இருந்த இரண்டு அறை வீட்டில் இப்போது ஐந்து பேர். வாடகை வீடு பார்த்தால் விலை கேட்டு மயக்கம் வருகிறது.

“அண்ணை, யதுவின்ரை வீட்டிலை மூண்டு அறை கிடக்கு. பிள்ளை தனிய. இவை ரெண்டு பேரும் அங்கை இருந்தால் அவளுக்கும் துணையாய்ப் போகும், எங்களுக்கும் உதவியாய்ப் போகும். நீங்கள்தானே மாமன். உங்களுக்குத்தானே உரிமை.”

அந்த ‘உங்களுக்குத்தானே உரிமை’ என்ற இடத்தில் நான் விழுந்தேன். கம்பனி பறித்ததை இவன் திருப்பிக் கையில் வைத்தது போல இருந்தது. “அதுக்கென்ன, இருக்கட்டும்” என்றேன்.

பாலேந்திரன் போன பிறகு என் மனைவி மங்களேஸ்வரி கேட்டாள்: “பிள்ளையைக் கேட்டனீங்களோ?”

“அவளுக்கு என்ன தெரியும்? ஆக்கள் வந்தால் சந்தோசப்படுவாள்.”

மங்களேஸ்வரி பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள். கம்பனியையும் நான் கேட்கவில்லை. உள்ளே போய் இருந்துவிட்டால் பிறகு யார் எழுப்பப் போகிறார்கள் என்பது எங்கள் எண்ணம். ஐயரிடம் நாள் கேட்டு, மே மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை எட்டரைக்கு மேல் நல்ல நேரம் என்று பால் காய்ச்சலும் வைத்துவிட்டோம். அடுத்தவர் வீட்டுக்குள் பால் காய்ச்சிக் குடிபுக நாள் குறித்த ஆட்கள் ஒஸ்லோவில் எங்களைத் தவிர வேறு யாராவது இருப்பார்களா தெரியாது.

அந்தக் காலை ஒரு குறையுமில்லாமல் தொடங்கியது. புதுப் பானை, பால், பச்சரிசி, பிள்ளையார் படம், நிறைகுடம். திறப்பு என்னுடையது, கதவைத் திறந்து ‘வாங்கோ வாங்கோ’ என்று வரவேற்றவனும் நான். யதுர்ஷா இரவு உடுப்போடு விறாந்தையில் வந்து நின்றாள். முதலில் சிரித்தாள். “கேக் இருக்கோ மாமா?” என்று கேட்டாள்.

தாய் போன பிறகு அவள் தாயின் அறையில், தாயின் கட்டிலில்தான் படுப்பாள். அது பெரிய அறை. புதுத் தம்பதிக்கு அதுதான் பொருத்தம் என்று பாலேந்திரனின் மனைவி தீர்மானித்து, கட்டிலின் விரிப்பை உருவி மடித்து, யதுர்ஷாவின் பொம்மைகளை ஒரு பையில் போட்டாள். கெட்ட மனதில் செய்யவில்லை; புதுவிரிப்பு விரிக்கத்தான் செய்தாள். யதுர்ஷா தன் தலையணையை மட்டும் பிடுங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் சிரிப்பது நின்றதை நான் கண்டேன். கண்டும், பாலைத்தான் பார்த்தேன்.

பால் பொங்கியது. மின் அடுப்பின் தட்டில் வழிந்து கருகியது. எல்லாரும் கைகூப்பி நிற்க, புகை அறிவிப்புக் கருவி வீடு இடிகிற மாதிரிக் கத்தத் தொடங்கியது. ரிஷிகேசன் கதிரையில் ஏறி அதைத் தட்டினான், நான் துவாயால் விசிறினேன். சத்தம் அடங்கியபோது யதுர்ஷாவைக் காணவில்லை. குளியலறைக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. உள்ளே அவள் யாருடனோ நோர்வேஜிய மொழியில் மெல்லக் கதைத்துக்கொண்டிருந்தாள்.

பத்து நிமிடத்தில் என் தொலைபேசி அடித்தது. கம்பனியிலிருந்து இங்கெபியோர் என்ற பெண். ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு. தாய் யதுர்ஷாவின் தொலைபேசியில் முதலாவதாகப் பதிந்து வைத்த இலக்கம் அவளுடையதாம்.

“யதுர்ஷாவின் படுக்கையறையில் ஆட்கள் இருக்கிறார்களாம். அவர்களை யதுர்ஷா கூப்பிட்டாளா?”

“நாங்கள் அவளுடைய சொந்தக்காரர்கள்.”

“அது எனக்கு விளங்குகிறது. யதுர்ஷா கூப்பிட்டாளா என்று கேட்டேன்.”

பஸ்ஸில் எத்தனையோ பேருக்குப் பதில் சொன்னவன். அன்று கருகிய அடுப்புத் தட்டைத் துவாயால் துடைக்கத் தொடங்கினேன். நயமாகத்தான் அவள் சொன்னாள்: எல்லாரும் இன்றைக்குத் திரும்பிப் போக வேண்டும், நாளைக் காலை நான் அலுவலகத்துக்கு வர வேண்டும், கட்டிலை இருந்தபடியே விரித்துவிட்டுப் போக வேண்டும். கடைசியாக ஒன்றும் சொன்னாள். யதுர்ஷாவின் விருப்பம் அது: மேலதிகத் திறப்பைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு வர வேண்டும்.

“ஒரு வெள்ளைக்காரி போனிலை சொன்னதுக்கு நாங்கள் எழும்பிப் போறதோ?” என்று பாலேந்திரன் குதித்தான். தனுஷாதான் முதலில் செருப்பைப் போட்டாள். “வாங்கோ மாமா, போவம். அந்தப் பிள்ளை அழுகுது” என்றாள். பாதி பொங்கின பாலையும் பிள்ளையார் படத்தையும் தூக்கிக்கொண்டு, மின்தூக்கியில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இறங்கினோம்.

திங்கட்கிழமை ஸ்டோர்டிங்கெட் நிலையத்தில் இறங்கிப் போகும்போது, சொல்ல வேண்டிய வசனங்களை நோர்வேஜிய மொழியில் தயார் செய்துகொண்டே போனேன். அலுவலகம் சின்னது. மூன்று அறை, ஒரு கோப்பி இயந்திரம், சுவரெல்லாம் கோப்புகள். இங்கெபியோருக்கு ஐம்பது வயதிருக்கும். நான் உட்காராமலே தொடங்கினேன். தாய்மாமன் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியுமா, எங்களுடைய பண்பாட்டில் இரத்த உறவு என்றால் என்ன, பெட்டிக்குள் கடுதாசி வைத்திருப்பவர்களுக்கு ஒரு பிள்ளையைப் பற்றி என்ன தெரியும், எல்லாம் கேட்டேன். நான் முடித்ததும் அவள் கோப்பி வார்த்து வைத்துவிட்டு, சுவரில் இருந்த கோப்புகளில் ஒன்றை எடுத்து, திறந்து என் பக்கம் திருப்பினாள்.

குமாரியின் கையெழுத்து. பன்னிரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்தில் நோர்வேஜிய மொழிபெயர்ப்பு. உயிலோடு சேர்த்து அவள் எழுதிக் கொடுத்த விருப்பக் கடிதம் அது. கம்பனிக்கு வீட்டைக் காப்பது கடமை என்றால், பிள்ளையை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுதான் வழிகாட்டியாம்.

வாசித்தேன். யதுவுக்கு அன்னாசி கொடுக்க வேண்டாம், வாய் புண்ணாகும். பல் வைத்தியரிடம் போகும் நாளை முதல் நாளே சொல்லக் கூடாது, அன்று காலை சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பனிச் சப்பாத்து; அளவு முப்பத்தைந்து, ஆனால் பாதம் அகலம், கடையில் அரைமணி நேரம் போட்டு நடந்து பார்க்க வேண்டும், அவசரப்படுத்தினால் ஓம் என்று சொல்லிவிடுவாள். தலைக்கு நல்லெண்ணெய் மாதம் இரண்டு தரம். திடீர்ச் சத்தம் அவளுக்கு ஆகாது. சத்தம் கேட்டால் குளியலறைக்குள் போய்ப் பூட்டுவாள். கதவைத் தட்ட வேண்டாம், வெளியே இருந்து மெல்லக் கதைத்தால் தானே வருவாள்.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சின்ன எழுத்தில் இங்கெபியோரின் குறிப்பு இருந்தது. எந்தத் திகதி, யார் கூடப் போனது, சப்பாத்து என்ன நிறம். நல்லெண்ணெய் எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்து உதவியாளருக்கு எழுதியிருந்தாள். முதல் தண்ணீர் வார்த்த தாய்மாமனுக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. முந்திய நாள் அந்தக் குளியலறைக் கதவை நான் கையால் அடித்து அடித்துக் கூப்பிட்டிருந்தேன்.

“கடைசிப் பக்கத்தைப் பாருங்கள்” என்றாள் இங்கெபியோர். “நீங்கள் வரும்போது காட்டச் சொன்னது. முதல் வருடமே வருவீர்கள் என்று உங்கள் தங்கை சொன்னார். நீங்கள் இரண்டு வருடம் தாக்குப்பிடித்துவிட்டீர்கள்.”

குமாரி பேசுகிற மாதிரியே எழுதியிருந்தாள்.

“என்ரை அண்ணை அருட்செல்வம் ஒரு நாளைக்கு உங்களிட்டை வருவார். தனக்கெண்டு ஒண்டும் கேக்க மாட்டார். வேறை ஆருக்கோ உதவத்தான் கேப்பார். அவருக்கு இல்லை எண்டு சொல்லுங்கோ. கோவிப்பார், கத்துவார், நீங்கள் பயப்பிட வேண்டாம். அவருக்கு ஆக்களிட்டை இல்லை எண்டு சொல்லத் தெரியாது. அதைச் சொல்லத்தான் உங்களுக்குச் சம்பளம். பழி வந்தால் நீங்கள் எடுங்கோ, அண்ணையிலை விழ விடாதேங்கோ. சொந்தக்காரர் அவரோடை கோவிச்சால் அவர் தாங்க மாட்டார். அவர் என்ரை பிள்ளைக்கு மாமனாய் மட்டும் இருந்தால் காணும். அது அவருக்கு நல்லாய் வரும்.”

நான் அழுதேன். அறுபத்துநாலு வயதில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் முன்னால், மூக்கு வடிய அழுதேன். பிள்ளையின் வீட்டைக் காக்க அவள் கம்பனியை வைத்தாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன். அதோடு சேர்த்து, என்னைச் சனத்திடமிருந்தும், சனத்தை என்னிடமிருந்தும் காத்துவிட்டுப் போயிருக்கிறாள். சண்டை போட்டு எழுந்து வந்தவனுக்கு இதைச் செய்ய அவளுக்கு மனம் இருந்திருக்கிறது. குமாரி, நீ எனக்குத் தங்கையாக வந்தது நான் செய்த எந்தப் புண்ணியம் என்று தெரியவில்லை.

இங்கெபியோர் கடுதாசிக் கைக்குட்டைப் பெட்டியைத் தள்ளி வைத்தாள். பிறகு தன் வேலையைச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள்: “ஆகவே, என் பதில் இல்லை என்பதுதான். யாரும் குடியிருக்க முடியாது. இதை எழுத்திலும் அனுப்புகிறேன், உங்களுக்கு உதவியாக இருக்கும்.”

உதவியாகத்தான் இருந்தது. அன்று மத்தியானமே பாலேந்திரனுக்கு அடித்தேன். “பாலா, கொம்பனி விடாதாம். கடிதமும் தந்திட்டாங்கள். நான் எவ்வளவோ கத்திப் பார்த்தன்” என்றேன். கத்தினது உண்மைதானே. அவன் கம்பனியைப் பிடித்துத் திட்டினான். கம்பனியை, அதன் முதலாளியை, நோர்வே அரசாங்கத்தை, வெள்ளைக்காரருடைய குளிர்ந்த இரத்தத்தை, எல்லாவற்றையும் திட்டினான். என்னை ஒரு சொல் சொல்லவில்லை. “பாவம் அண்ணை, உங்களுக்கும் தலையிடி” என்று முடித்து, அடுத்த சனிக்கிழமை சாப்பிட வரச் சொன்னான். போனேன். நண்டுக்கறி. கம்பனி மட்டும் இல்லாமல், அந்த ‘இல்லை’யை நானே சொல்லியிருந்தால், அந்த வீட்டு வாசலை நான் இன்னும் பத்து வருடத்துக்கு மிதித்திருக்க முடியாது. சொல்லாமல் விட்டிருந்தால் யதுர்ஷாவுக்கு வீடே இருந்திருக்காது. ரிஷிகேசனுக்கும் தனுஷாவுக்கும் ஓகஸ்டில் ஸ்டோவ்னர் பக்கம் ஒரு வாடகை வீடு கிடைத்தது. அங்கே அவர்கள் காய்ச்சிய பால் ஒழுங்காகப் பொங்கியது, நானும் போயிருந்தேன்.

யதுர்ஷாவிடம் போவதற்குத்தான் எனக்குக் கால் வரவில்லை. அந்த ஞாயிறு போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறு, மங்களேஸ்வரி ஒரு கேக்கைக் கையில் தந்து என்னைக் கதவுக்கு வெளியே தள்ளினாள்.

கீழ்வாசலில் நின்று, வாழ்நாளில் முதல் தடவையாக அந்த வீட்டின் அழைப்பு மணியை அழுத்தினேன். பெயர்ப்பலகையில் அவளுடைய பெயர் மட்டும் இருந்தது. ஒலிபெருக்கி கரகரத்தது.

“ஆர்?”

“மாமா.”

பிறகு கேட்டாள்:

“தனியவோ வந்தனீங்கள்?”

“ஓம் பிள்ளை. தனியத்தான்.”

உடனே திறக்கவில்லை. கேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தன் திறப்பால் கதவைத் திறந்து, எனக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் உள்ளே போனார், கதவு சாத்திக்கொண்டது. அதற்குப் பிறகுதான் அவள் திறந்தாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன். சப்பாத்தை வாசலில் கழற்றுகிறேன், அவள் காட்டுகிற கதிரையில் இருக்கிறேன், அவள் தருகிற தேத்தண்ணியைக் குடிக்கிறேன், “மாமா, போங்கோ, எனக்கு நாளைக்கு யொப் இருக்கு, கன்ரீனுக்குப் போகோணும்” என்றால் எழுந்து வருகிறேன். ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் அவள் அதே கேள்வியைக் கேட்டாள், தனியவோ என்று. ஒன்பது தரமும் நான் பதில் சொன்னேன்.

பத்தாவது ஞாயிறு, “ஆர்?” என்று மட்டும் கேட்டாள்.